நாற்பத்தெட்டுக்குக் கீழே

நான் ஓட்டுவது டிராம். அதில் ஸ்டியரிங் கிடையாது.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
போக வேண்டிய இடத்தை என்றைக்கோ
போஸ்னான் தெருக்களில் இரும்பால் எழுதிவிட்டார்கள்.
என் கையில் இருப்பவை வேகம், மணி, கதவு.
அதனால்தான் இரவில்
சேற்றுக் காட்டில் பந்தயக் கார் ஓட்டுகிறேன்,
பிடித்த மரத்தில் மோதிக்கொள்ளும் உரிமையோடு.

வளைவில் திரும்பும்போது காடு கிழிகிறது.
மரத்தின் மேல்பாதி இந்தக் கணத்தில் நிற்க
கீழ்பாதி அடுத்த கணத்துக்குப் போய்விடுகிறது.
இடுப்பில் வெட்டுப்பட்ட பைன்கள், ரத்தமில்லாமல்.
"எங்கே கிழிசல்?" என்கிறான் தம்பி ராட்ஸிம்.
கொடுத்துவைத்த கண்கள்.
எனக்கோ ஒருமுறை தெரிந்துவிட்டது,
வெள்ளைச் சட்டையில் பீட்ரூட் கறை மாதிரி.

கடையில் கோர்டியான் என்கிற பையன்
இரண்டு திரைகளை அருகருகே ஓடவிட்டான்.
ஒன்று எழுநூறு ஸ்லோட்டி,
இன்னொன்று ஆயிரத்து ஐந்நூறு.
அவன் சொன்னதை நான் டிராமாக மாற்றிக்கொண்டேன்:

சாதாரணத் திரை கடிகாரம் பார்த்துக் கிளம்பும்.
பயணியின் ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்,
போய்க்கொண்டே இருக்கும். அது கிழிசல்.
கடிகாரத்தோடு பூட்டிவைத்தால் கிழியாது,
ஆனால் இமைப்பொழுது தவறியவன்
அடுத்த வண்டிவரை நிற்க வேண்டும். அது திக்கல்.
விலை கூடிய திரையோ கதவைத் திறந்துவைத்திருக்கும்.
கார்டு மூச்சிரைக்க ஓடிவந்து
ஏறிய பிறகே நகரும்.

பார்த்தேன். உண்மைதான்.
வெண்ணெயில் இறங்கும் கத்தி.

இடையில் எண்ணூறு.
கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு மருத்துவர் சொன்னதும்
அதே எண்ணூறு.
விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பார்கள்,
எனக்கு வீங்கியிருப்பது தாடை.

பெட்டியின் அடியில் எறும்பெழுத்தில் ஒரு வரி:
நாற்பத்தெட்டிலிருந்து எழுபத்தைந்து வரை.
அப்படியென்றால்?
கோர்டியான் கழுத்தைச் சொறிந்தான்.
நொடிக்கு நாற்பத்தெட்டுப் படத்துக்குக் கீழே போனால்
அதுவும் காத்திருக்காதாம்.

வீட்டுக்கு வந்து எண்ணினேன்.
வெயிலில் எழுபது.
அந்தியில் ஐம்பத்தைந்து.
காட்டில், மழையில், நாற்பத்தொன்று.
நான் ஓட்டுவதே மழையில்தான்.

நிழல்களைக் குறைத்தேன். பாதிப் புல்லை வெட்டினேன்.
ஐம்பது வந்தது.
காசில்லாமல் வந்த ஐம்பது,
காடு மட்டும்
படைக்குப் போகிறவன் தலைபோல் ஆகிவிட்டது.

மறுநாள் விடிகாலை, ஐந்து நாற்பத்திரண்டு.
கதவு மூடும் பொத்தானில் விரல்.
கண்ணாடியில் ஒருத்தி ஓடிவருகிறாள்,
பூட்ஸ் ஜிப் திறந்து, மாவு படிந்த கோட்டோடு.
நான்கு விநாடி.
பலகையில் தாமதம் என்று மஞ்சளாக எரிந்தது.
ஏறினாள். நன்றியும் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை,
பையில் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தாள்.
அதற்கு என்ன விலை என்று
அன்று முழுவதும் கணக்குப் போட்டேன்,
ஒன்பது சுற்றுக்கும் விடை வரவில்லை.

சனிக்கிழமை வில்டா பகுதியில் நான்காவது மாடி.
ஊரை விட்டுப் போகும் ஹால்ஷ்கா என்ற மாணவி
தன் மானிட்டரை விற்கிறாள்.
முப்பதிலிருந்து நூற்று நாற்பத்து நான்குவரை காத்திருக்குமாம்.
அறுநூறு கேட்டாள். குறை ஒன்றே, என்று
வலது மூலையைத் தொட்டுக் காட்டினாள்:
ஒரு புள்ளி,
எதை ஓடவிட்டாலும் பச்சை.

ஐந்நூற்றைம்பதுக்குப் பேசி,
போர்வையில் சுற்றி,
சக ஓட்டுநரின் டிராமில் நின்றபடியே கொண்டுவந்தேன்.
பல்லுக்கு வியாழக்கிழமை முன்பணம் கட்டியாகிவிட்டது,
மீதி இரண்டு தவணை.

இப்போது மழை. நாற்பத்தொன்று.
புல்லைத் திரும்ப முளைக்கவிட்டேன்.
மரங்கள் முழுதாக நிற்கின்றன,
நான் மோதும்வரை.
எங்கள் தடத்தில் பச்சை விளக்கு கிடையாது,
போகலாம் என்பதற்கு வெள்ளைக் கோடுதான்.
மூலையில் அந்தப் புள்ளியை
கையுறையால் இரண்டு முறை துடைத்துப் பார்த்துவிட்டேன்.